ஒன்பதாம் எண் சட்டை

எங்கள் முதலாளிக்கு விமானத்தில் ஏறப் பயம். அதனால்தான் நான் டென்மார்க்கைப் பார்த்தேன். இல்லையென்றால், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் தையல் பகுதியை மேய்த்துக்கொண்டிருப்பவனை எவன் கடல் தாண்டி அனுப்புவான்? "இங்கிலீஷெல்லாம் நீ சமாளிச்சுக்குவே, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார். நான் சமாளிக்கிற இங்கிலீஷ் எல்லாம் நூல், தையல், சாயம் சம்பந்தப்பட்டது. அதைத் தாண்டி யாராவது ஏதாவது கேட்டால் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நம்பித்தான், எண்பதுகளின் நடுவில், தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், மாதிரிக்குத் தைத்த கால்பந்துச் சட்டைகள் ஒரு பை நிறைய, இக்காஸ்ட் என்ற ஊரின் ரயில் நிலையத்தில் போய் இறங்கினேன்.

அந்த ஊரும் நம்மைப் போலத் துணியால் பிழைக்கிற ஊர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிழைப்பு ஒன்றுதான், சத்தம் வேறு. திருப்பூரில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மெஷின் சத்தத்தை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவேன். இங்கே உள்ளே அத்தனை பேர் வேலை செய்தாலும் வெளியே ஒரு முனகல் கிடையாது. சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்துக்கே இருட்டிவிடுகிறது. தெருவில் ஆளே இல்லை. ஒவ்வொரு சன்னலிலும் மெழுகுவர்த்தி எரிந்ததைப் பார்த்து, சரி, இங்கேயும் கரண்ட் போகும் போலிருக்கிறது என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, கரண்ட் இருக்கும்போதே ஆசைக்கு ஏற்றிவைக்கிறார்களாம்.

நான் தங்கிய இடம் விடுதி என்று பெயர், உண்மையில் ஒரு வீடு. மேலே அறைகள், கீழே ஒரு நீளமான சாப்பாட்டு மேசை. வீட்டுக்காரம்மா கறுப்பு ரொட்டியும், வினிகரில் ஊறிய மீனும், வெந்த உருளைக்கிழங்கும் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த ரொட்டியை மெல்லுவதற்குள் எனக்குப் பாதி வயது போய்விடும் போலிருந்தது. மேசையின் மறு கோடியில் ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர் உட்கார்ந்து, சன்னலைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். அவர் தலையை அசைத்தார். அவ்வளவுதான். வீட்டில் என் மனைவியும் பிள்ளைகளும் இந்நேரம் பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது ரொட்டி இன்னும் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது.

மறுநாள் காலை, சட்டைகளைக் காட்ட வேண்டிய கம்பெனிக்குப் போக வீட்டுக்காரம்மா தன் சைக்கிளைக் கொடுத்தார். அந்த நாட்டுச் சைக்கிளில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் அதுதான் பிரேக். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நம் ஊரில் இறக்கத்தில் போகும்போது பெடலைச் சும்மா பின்னால் சுற்றிக்கொண்டே போவது ஒரு சுகம். கம்பெனி வாசலுக்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம். பழக்கதோஷத்தில் சுற்றினேன். சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை.

ஒரு பெரிய கை என்னைத் தூக்கி நிறுத்தியது. மேசைக் கோடியில் பார்த்த அதே மனிதர். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து என் முழங்காலைக் கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார். "ஒன்றுமில்லை. எனக்கு முழங்கால் நன்றாகத் தெரியும்" என்றார் இங்கிலீஷில். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு கறுத்த இளைஞர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"எங்கட ஆள் ஒருத்தர் வாசலிலை விழுந்து கிடக்கிறார் எண்டு சொன்னாங்கள், ஓடி வந்தனான். இந்தியாவோ அண்ணை?"

"ஆமாங்க. திருப்பூரு."

"நான் குகதாசன், யாழ்ப்பாணம். இங்கை துணி வெட்டுற மேசையிலை நிக்கிறன். எழும்புங்கோ, உள்ளை போய்க் கதைப்பம்."

அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்கு வலி பாதி குறைந்துவிட்டது. பேச்சு எனக்குப் பாதிதான் புரிந்தது, அது வேறு விஷயம்.

கம்பெனி முதலாளியின் பெயர் நில்ஸ். வெட்டுகிறவர், தைக்கிறவர், கூட்டுகிறவர் எல்லோரும் அவரை நேரே "நில்ஸ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் முதலாளியை நான் அப்படிக் கூப்பிட்டால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். நில்ஸ் வரவேற்று ஒரு கறுப்பு மிட்டாய் கொடுத்தார். கருப்பட்டி என்று நினைத்து வாயில் போட்டேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைப் போட்டதும் ஒரு நெடி வருமே, அந்த நெடிதான் ருசியாக வந்தது. ஆர்டர் வேண்டுமே என்று விழுங்கினேன்.

நில்ஸ் பக்கத்துச் சிற்றூரின் கால்பந்துச் சங்கத்திலும் பெரிய பொறுப்பில் இருந்தார். எங்கள் சட்டை நன்றாக இருந்தால் அந்தச் சங்கத்துக்கும், அவரிடம் வாங்குகிற மற்றச் சங்கங்களுக்கும் நாங்களே தைத்து அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் பட்டியலில் ஒன்றும் மாறப்போவதில்லை. அதனால் அன்றைக்கு எங்கள் சட்டையைப் போட்டே ஆடச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்றார். எனக்கு ரொம்பச் சரியாகப் பட்டது.

என்னைத் தூக்கிவிட்ட மனிதர் பார்சல் கட்டும் பகுதியில் இருந்தார். குகதாசன்தான் விவரம் சொன்னார்.

"அவர் யோரான் அண்ணை. சுவீடன்காரன், எங்கட டீமின்ரை ஃபார்வர்ட், முன்னுக்கு நிண்டு கோல் அடிக்கிறவர். காலமை இங்கை வேலை, பின்னேரம் அங்கை விளையாட்டு. ரெண்டும் சேர்த்துத்தான் ஒப்பந்தம். அது இந்த ஞாயிறோடை முடியுது."

"அப்புறம்?"

"மட்ச் முடிய நில்ஸும் மற்றவையும் இருந்து கதைப்பினம். இன்னும் ஒரு வருசம் குடுத்தாச் சரி. இல்லாட்டில் அவரின்ரை விளையாட்டு முடிஞ்சுது. முப்பத்தஞ்சு வயசு ஆளை வேறை ஆர் எடுப்பினம், சொல்லுங்கோ?"

அன்று இரவுச் சாப்பாட்டில் நானே தட்டை எடுத்துக்கொண்டு மேசையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டேன். யோரான் கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனார். அந்த ஊரில் யாரும் யார் பக்கத்திலும் சும்மா போய் உட்காருவதில்லை. அவர் சுவீடிஷில் பேசினால் டென்மார்க்காரர்களுக்குப் புரிந்துவிடுமாம். அவர்கள் திருப்பிச் சொல்வதுதான் இவருக்குப் புரியாதாம். "அதனால் எல்லோரிடமும் தலையசைக்கிறேன். நல்லவன் என்று பெயர் வாங்கிவிட்டேன்" என்றார். என் சிரிப்பும் அவருடைய தலையசைப்பும் ஒரே ஜாதி என்று எனக்குத் தோன்றியது.

வடக்கே பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் ஒரு மர அறுவை ஊர் அவருடையது. அப்பாவும் அண்ணனும் மில்லில். இவர் மட்டும் மீசை முளைக்கிற வயதில் பந்தை எடுத்துக்கொண்டு தெற்கே வந்துவிட்டார். முதல் டிவிஷனில் ஒரு வருடம் கோலாக அடித்துத் தள்ளியிருக்கிறார். ரொட்டிக் கடையில் காசு வாங்க மாட்டார்களாம். தேசிய அணிக்கு ஒரே ஒரு தடவை, கடைசிச் சில நிமிடங்கள். "பந்து இரண்டு முறை என்னிடம் வந்தது. இரண்டு முறையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன்" என்றார். பிறகு மேற்கு ஜெர்மனியில் நல்ல சம்பளம், அங்கே முழங்காலில் கத்தி வைத்துவிட்டார்கள். பிறகு பெல்ஜியம், அங்கிருந்து மனைவி இவரை விட்டுவிட்டு, மகளை மட்டும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பிறகு இங்கே. ஒவ்வொரு ஊரும் முந்தைய ஊரைவிடக் கொஞ்சம் சின்னது.

மாடிக்குப் போகும்போது அவர் அறைக் கதவு திறந்திருந்தது. இரண்டு வருடமாக இருக்கிற அறை. அலமாரி காலியாக இருந்தது; துணியெல்லாம் கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள்தான். நான் வந்த அன்றைக்கே என் சட்டைகளை அலமாரியில் மாட்டி, சின்ன முருகன் படத்தையும் வைத்துவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை நில்ஸ் சட்டைகளைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். தையலை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் வைத்து இழுத்தேன், கழுத்தை விரித்துக் காட்டினேன். யோரான் பார்சலை விட்டு வந்து நின்று பார்த்தார். "இது கடையில் இழுப்பது. ஆட்டத்தில் இப்படி யாரும் இழுக்க மாட்டார்கள்" என்றார். ஒன்பதாம் எண் சட்டையை எடுத்துத் தலை வழியே போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"பந்து எனக்கு வருகிறது. நான் ஓடப்போகிறேன். நீ என்னை விடக் கூடாது. பிடி."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. நம் ஊரில் ஒருத்தன் சட்டையைப் பிடித்தால் அது அடிதடியில்தான் முடியும். வயதில் மூத்தவர், விருந்தாளிக்கு உதவி செய்தவர், அவர் சட்டையை எப்படிப் பிடிப்பது? கொடியில் காய்கிற துணியைத் தொடுவது மாதிரி இரண்டு விரலால் பிடித்தேன். பார்சல் கட்டும் பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். யோரானும் சிரித்தார், அன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன்.

அவரே என் கையை எடுத்து வைத்துக் காட்டினார். இடுப்புக்குச் சற்று மேலே, ஓரத்தையலை ஒட்டி, முழு முஷ்டியில். அங்கே பிடித்தால் நடுவர் கண்ணுக்குத் தெரியாதாம். ஜெர்மனியில் ஒரு தடுப்பாட்டக்காரன் அந்த இடத்தைப் பிடித்தபடியே ஆட்டம் முழுக்கக் கூட வந்தானாம். ஆட்டம் முடிந்து பார்த்தால் சட்டை ஒரு பக்கம் பாவாடை மாதிரி தொங்கியதாம். "ஆட ஆரம்பித்த நாள் முதல் யாராவது என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்" என்றார். அவர் காட்டிய இடத்தில் நான் பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஆர்டருக்குத் தைக்கும்போது உள்ளே ஒரு தையல் கூடுதலாகப் போட்டால் போதும் என்று என் புத்தி அதில்தான் போயிற்று.

சனிக்கிழமை குகதாசன் எங்கள் இருவரையும் பக்கத்து ஊரான ஹேர்னிங்கில் தன் அறைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவரோடு இருப்பவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். கோதுமை மாவில் புட்டு, கோழிக் குழம்பு, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள். அந்த வாசனைக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யோரானுக்கு வாயில் வைத்த பிறகு வந்தது.

"தண்ணி குடியாதேங்கோ, இன்னும் எரியும். சோறு கொஞ்சம் வைக்கட்டோ?" என்று தமிழிலேயே அவரை உபசரித்தார் குகதாசன். யோரான் தலையசைத்தார். சோறு வந்தது.

நாளைக்குப் பிறகு என்ன செய்வதாக இருக்கிறார் என்று நான்தான் கேட்டுவிட்டேன். அண்ணன் மில்லில் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறாராம். "கிடைத்தால் இன்னும் ஒரு வருடம் ஆடுவேன். கிடைக்காவிட்டால் பலகை அடுக்குவேன்." சொல்லிவிட்டு, குகதாசனைப் பார்த்து, நீ எப்போது ஊருக்குப் போவாய் என்று கேட்டார். குகதாசன் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினார். "அதை நான் சொல்ல ஏலாது" என்று என்னிடம் சொன்னார்; நான் அதை இங்கிலீஷில் சொல்ல முயன்று, பாதியில் சிரித்து நிறுத்தினேன். மூன்று பேரும் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தோம். ஊரைவிட்டு வந்த மூன்று ஆண்கள் ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்திருப்பது மாதிரி தனிமை வேறு இல்லை. தனி அறையிலாவது தூங்கிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மழை. திருப்பூர் ஆளுக்கு மழை என்றால் முதலில் சாயம்தான் ஞாபகம் வரும். எங்கள் பச்சைச் சட்டை, கீழே வெள்ளை அரைக்கால்சட்டை. சாயம் விட்டால் அவ்வளவு பேர் முன்னாலும் மானம் போய்விடும். ஊரில் இருக்கிற சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டு மைதானத்து ஓரத்தில் குகதாசனோடு ஒரே குடையில் நின்றேன். சுற்றிலும் ஜனங்கள் நனைந்தபடியே நிதானமாகச் சாசேஜ் தின்றுகொண்டிருந்தார்கள்.

சாயம் விடவில்லை. அந்த நிம்மதியில் எனக்கு ஆட்டமே கண்ணில் படவில்லை. பச்சை மட்டும்தான் தெரிந்தது. யோரான் அங்கும் இங்கும் ஓடினார், கையைத் தூக்கிப் பந்து கேட்டார். சில தடவை வந்தது. அவர் திரும்புவதற்குள் எதிரணிப் பையன் ஒருவன் நடந்து வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான். குகதாசன் முதலில் கத்திக்கொண்டிருந்தார், அப்புறம் கத்தவில்லை. ஆட்டம் சமமாக முடிந்தது. ஜனங்கள் பாவம் பார்த்த மாதிரி கை தட்டினார்கள்.

உடை மாற்றும் அறையில் ஈரச் சட்டைகளை எல்லாம் பெஞ்சில் போட்டு, நில்ஸ் பக்கத்தில் நிற்க, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் கழுத்து நெளிந்திருந்தது. ஒன்றில் கைப்பகுதியின் தையல் விட்டிருந்தது, எனக்குத் திக்கென்றது. கடைசியில் ஒன்பதாம் எண் கைக்கு வந்தது. பென்சில் குறி வைத்த இடத்தைத் திருப்பிப் பார்த்தேன். நெளியவில்லை, நீளவில்லை, ஒரு நூல்கூட நகரவில்லை. அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை இரண்டு கையாலும் உயரத் தூக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி என் இங்கிலீஷில் சொன்னேன்:

"பாருங்க, ஃபார்வர்டோட சட்டை. அதிகமா இழுபடற சட்டை இதுதான். முழு ஆட்டம் ஆடியாச்சு, ஒண்ணுமே ஆகலை."

நில்ஸ் சுவரைப் பார்த்தார். ஒருத்தன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான், அது ஏற்கனவே அவிழ்ந்துதான் இருந்தது. யோரான் மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, மெதுவாகத் தலையை அசைத்தார். "ஆமாம். நல்ல சட்டை" என்றார்.

வெளியே வந்ததும் குகதாசன் என் கையைப் பிடித்தார். "அண்ணை, உங்கட தையலிலை ஒரு குறையும் இல்லை. ஆனா இண்டைக்கு ஒருத்தனும் அவரின்ரை சேர்ட்டைப் பிடிக்கேல்லை. பிடிக்கத் தேவை இருக்கேல்லை. விளங்குதோ?"

விளங்கியது. மழையில் நின்று என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை, கம்பெனியின் சாப்பாட்டு அறையில் ஒரு பெரிய கேக் இருந்தது. யோரான் கத்தியோடு நின்று ஒவ்வொருவருக்கும் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் ஒருவர் இனிப்புக் கொடுத்தால் அவருக்கு நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு ஒரு நிமிடம் மனசு குளிர்ந்து போயிற்று. கைகொடுக்கப் போன என்னைக் குகதாசன் பின்னாலிருந்து இழுத்தார்.

"இங்கை வேலையை விட்டுப் போறவர்தான் கேக் வாங்கி வரவேணும் அண்ணை. அதுதான் வழக்கம். நேற்று இரவே முடிவு சொல்லிப்போட்டினம்."

நம்மிடத்தில் போகிறவருக்கு நாம் மாலை போடுவோம், வெள்ளி விளக்குக் கொடுப்போம், நாலு பேர் பொய்யாவது பேசுவோம். இங்கே போகிறவரே இருப்பவர்களுக்கு ஊட்டிவிட்டுப் போக வேண்டும். நில்ஸ் நன்றி சொன்னார், எல்லோரும் கை தட்டினார்கள், மெஷினுக்குத் திரும்பிவிட்டார்கள். நில்ஸ் அந்த ஒன்பதாம் எண் சட்டையைத் துவைத்து மடித்து யோரானுக்குப் பரிசாகக் கொடுத்தார். எனக்கு ஆர்டர் கொடுத்தார். இரண்டையும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் செய்தார். நல்ல மனிதர்தான். கேக்கை என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் ரயிலில் நாங்கள் இருவரும் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் கோபன்ஹேகன் போய் அங்கிருந்து சுவீடன் போக வேண்டும், நான் விமானத்துக்கு. ரயில் பெட்டிக்குள் சூடு போட்டிருந்ததால் அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். உள்ளே எங்கள் பச்சைச் சட்டை. வழியில் கடல் வந்ததும் அந்த ரயில் அப்படியே ஒரு கப்பலுக்குள் போய் நின்றது. ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். வேறு நாளாக இருந்தால் கப்பல் முழுக்கச் சுற்றிப் பார்த்திருப்பேன். அன்றைக்கு ரயிலிலேயே உட்கார்ந்திருந்தேன், அவரும் இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக அடுக்கிப் பார்த்தேன். நூலும் தையலும்தான் வந்தது.

கோபன்ஹேகனில் கைகுலுக்கினோம். அவர் தலையசைத்தார், நான் சிரித்தேன். கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, அந்தத் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தில் நடந்தார். முதுகில் ஒன்பது. வருகிறவர்கள் எல்லோரும் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தரும் இடிக்கக்கூட இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பையைப் போட்டுவிட்டு ஓடினேன். இடுப்புக்குச் சற்று மேலே, ஓரத்தையலை ஒட்டி, முழு முஷ்டியில் பிடித்து இழுத்தேன். அவர் நிற்கவில்லை; பழக்கதோஷம், இன்னும் வேகமாக முன்னால் போகப் பார்த்தார். நானும் விடவில்லை. படக்கென்று தையல் விட்டது.

யோரான் நின்றார். பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் அகல விரித்து, ஃபவுல் கேட்கிறவர் மாதிரி பிளாட்பாரம் முழுக்க நடுவரைத் தேடினார். பிறகு கிழிந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கண் நனைந்திருந்தது, பல் தெரிந்தது.

"உன் தையல் மோசம்" என்றார்.

இத்தனை வருடத் தொழிலில் அந்தக் குறையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.